முட்டை மிதந்தால் சவுக்காரம்

சோப்புக் கம்பெனிகள் வருவதற்கு முன்னால், அமெரிக்காவில் குடியேறியவர்கள் எதைப் போட்டுத் துணி துவைத்தார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வீட்டில் காய்ச்சிய சவுக்காரம்தான். மூலப்பொருள் இரண்டே இரண்டு: அடுப்புச் சாம்பல், மாடோ பன்றியோ அறுத்தபோது மிஞ்சிய கொழுப்பு.

குளிர்காலம் முழுக்கச் சேர்த்த சாம்பலை, அடியில் வைக்கோல் பரப்பிய பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். கீழே பழுப்பு நிறத்தில் காரநீர் சொட்டும். அதில் முக்கியமாக இருப்பது பொட்டாசியம் கார்பனேட். சுண்ணாம்பு சேர்த்தால் இன்னும் வீரியமான பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். கொழுப்போடு சேர்த்துக் காய்ச்சினால் சவுக்காரமும் கிளிசராலும் உண்டாகும், பள்ளியில் படித்ததுதான். சோடியம் இல்லாததால் கட்டி பிடிக்காது, கூழாகவே இருக்கும்.

சரி, காரநீர் பதமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீர்த்துப்போனால் கொழுப்பு அப்படியே நிற்கும். வீரியம் கூடினால் கையை அரிக்கும். அங்கேதான் முட்டை வருகிறது. காரநீரில் முட்டையைப் போட்டால், மேலே ஒரு நாணயம் அளவுக்குத் தலை தெரிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புது முட்டை தண்ணீரைவிடச் சுமார் 8 சதவீதம் கனம். உப்புகள் கரையக் கரைய நீரின் அடர்த்தி ஏறி, முட்டையைத் தாண்டியதும் அது மேலே வருகிறது. முட்டையை உருண்டையாக வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அதன் கன அளவில் வெறும் 2 சதவீதம் வெளியே வந்தாலே 2 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான வட்டம் தெரியும்! கண்ணுக்கே தெரியாத அடர்த்தி வித்தியாசத்தை வளைந்த ஓடு பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. விதைநெல் தேர்வுக்கு உப்புக் கரைசலில் முட்டை போடும் நம் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பழைய முட்டை ஏமாற்றும்: ஈரம் வற்றி உள்ளே காற்று சேர்ந்துவிட்டால் வெறும் தண்ணீரிலேயே மிதக்கும்.

இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டே, அந்தக் குடியேறிகள் வளர்பிறையில்தான் காய்ச்ச வேண்டும், ஒரே திசையில்தான் கிண்ட வேண்டும் என்றும் நம்பினார்கள். சாம்பலின் வீரியம் மரத்துக்கு மரம் மாறும். அதனால் சவுக்காரம் சரியாக வராதபோது பழி நிலாவுக்குப் போனது.

சாம்பல் வெளிநாட்டுக்கும் விற்ற சரக்கு. அமெரிக்காவின் முதல் காப்புரிமையே, சாம்பலிலிருந்து பொட்டாஷ் (மேலே சொன்ன பொட்டாசியம் கார்பனேட்தான்) எடுக்கும் முறையை மேம்படுத்தியதற்காக 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸுக்குத் தரப்பட்டது. கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன்.