க்னீக்நெஷீஸ்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

லித்துவேனிய மொழியில் ‘க்னீகா’ என்றால் புத்தகம். ‘நெஷ்தி’ என்றால் சுமந்து செல்லுதல். முன்னது ரஷ்யன் போன்ற ஸ்லாவிய மொழிகளிடமிருந்து வாங்கிய கடன், பின்னது சொந்தச் சரக்கு. இரண்டும் சேர்ந்தால் க்னீக்நெஷீஸ். கடிதத்துக்கு ‘லைஷ்கஸ்’ என்று பெயர். அதோடு இதே ஈறு ஒட்டினால் லைஷ்கநெஷீஸ், நம் தபால்காரர். அமைப்பைப் பார்த்தால் இவ்வளவுதான், ஒரு வேலையைச் செய்கிறவரைக் குறிக்கும் சாதாரணப் பெயர்.

ஆனால் லித்துவேனியர்கள் இந்தச் சொல்லைப் புத்தகம் தூக்கும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவதில்லை. ரஷ்ய ஆட்சிக்கு எதிராக 1863இல் வெடித்த கிளர்ச்சிக்குப் பிறகு, ரஷ்யப் பேரரசு லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை போட்டது. ரஷ்ய மொழிக்குரிய சிரிலிக் எழுத்தில் வேண்டுமானால் அச்சிட்டுக்கொள்ளலாம். கத்தோலிக்கர்களான மக்கள் அதைச் சீண்டவில்லை. இன்று எழுத்தை மாற்றுகிறவன் நாளை மதத்தையும் மாற்றுவான் என்ற பயம் அவர்களுக்கு. பிஷப் மோத்தியேயுஸ் வலான்ச்சியுஸ் எல்லைக்கு அப்பால், ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்கு பிரஷ்யாவில் அச்சடிக்க ஏற்பாடு செய்தார். தில்சித் போன்ற ஊர்களில் அச்சான ஜெபப் புத்தகங்களையும் அரிச்சுவடிகளையும் மூட்டை கட்டி, ராத்திரியில் எல்லைக் காவலர் கண்ணில் படாமல் கொண்டுவந்தவர்களே க்னீக்நெஷீஸ்கள். சில புத்தகங்களின் முகப்பில் அச்சான இடம் லித்துவேனிய நகரமான ‘வில்னியுஸ்’ என்றும் தடைக்கு முந்தைய ஆண்டும் போட்டிருக்கும். பிடிபட்டால், “இது பழைய புத்தகம், ஐயா” என்று சாதிக்கலாம் அல்லவா! சாதிக்க முடியாதவர்களில் பலர் சைபீரியாவுக்குப் போனார்கள். தடை நீங்கியது 1904இல். இந்த வேலையில் பேர்போன யூர்கிஸ் பெலினிஸ் பிறந்த மார்ச் 16, அங்கே க்னீக்நெஷீஸ் நாள்.

இதைப் ‘புத்தகக் கடத்தல்காரர்’ என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. சாராயமும் புகையிலையும் கடத்துகிறவருக்கு லித்துவேனியத்தில் வேறு சொல் இருக்கிறது. கடத்தல் என்பது ரஷ்யப் போலீஸின் பார்வை. மூலச்சொல்லில் இருப்பது சுமை மட்டுமே. நோயைச் சுமந்து பரப்புவதை இலங்கையில் ‘நோய்க்காவி’ என்பதுபோல் ‘நூற்காவி’ எனலாம். ஆனால் தமிழ்நாட்டில் காவி என்றதும் நிறம்தான் நினைவுக்கு வரும். ‘சுமையாள்’ ஏற்கெனவே அகராதியில் இருக்கும் சொல். ஆகவே நூற்சுமையாள். புணர்ச்சி கரடுமுரடாகப் பட்டால் ‘நூல் சுமையாள்’ என்று பிரித்தெழுதலாம்.

பெண்களும் பாவாடைக்கடியில் புத்தகம் மறைத்து எல்லை தாண்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு லித்துவேனியத்தில் ‘க்னீக்நெஷே’ என்று தனி வடிவம் உண்டு. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, ‘ஆள்’ இருபாலுக்கும் பொது.