கடை மூடும் மாதங்களுக்கும் கணக்கு உண்டு: சொந்தத் தொழில் செய்யும் பெண்களும் பிரசவமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் சிறு வியாபாரிகளுக்கு வருமான வரிக் கணக்கும் லைசென்ஸ் வேலையும் செய்து கொடுப்பது என் பிழைப்பு. என்னிடம் வரும் பெண்கள் பலர் சுற்றுவட்டார ரப்பர் தோட்டங்களில் பிறந்து, பிறகு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்தவர்கள். தையல், மணப்பெண் அலங்காரம், வீட்டிலிருந்தே கேக், காலையில் நாசி லெமாக் என்று ஆளுக்கொரு தொழில். அவர்களின் அம்மாக்கள் பால் வெட்டிய காலத்தில் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு நிரைக்கு, அதாவது தங்களுக்கு ஒதுக்கிய மரவரிசைக்கு, போனார்கள். பேறுகாலப் படி தோட்டக் கணக்கிலேயே வந்தது. மகள்களுக்கு அந்தப் படி கிடையாது. முதலாளியும் அவர்களே, ஆளும் அவர்களே.

2023 ஜனவரி 1 முதல் பேறுகால விடுப்பு 98 நாள் ஆனது, கணவருக்கும் 7 நாள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் வேலைச் சட்டம் தொழிலாளிக்கு எழுதியது. சொந்தமாகத் தைப்பவருக்கும், புல்வெட்டும் குத்தகை எடுத்த அவர் கணவருக்கும் அதில் ஒரு நாள்கூட வராது. சுயதொழில் சொக்சோ (அரசாங்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) எடுத்திருக்கிறேனே என்று சிலர் நம்பிக்கையோடு கேட்பார்கள். அது வேலையில் ஏற்படும் விபத்துக்கும் வேலையால் வரும் நோய்க்குமான காப்பு; பிரசவத்துக்குப் பணம் தராது. சாதாரண மெடிக்கல் கார்டும் (தனியார் மருத்துவக் காப்புறுதி) பெரும்பாலும் பிரசவத்தை விலக்கியே வைத்திருக்கும். கார்டு கையில் இருக்கிறது என்று தனியார் ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும் முன் பாலிசியை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

"அண்ணே, கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானே, என்ன பெரிய செலவு வந்துரப் போகுது?" என்று கேட்பவர்கள் சொல்வதும் சரிதான். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) 12 வாரத்துக்குள் பதிந்து, கர்ப்பகாலப் பரிசோதனைகளை எழுதும் இளஞ்சிவப்புப் புத்தகம் வாங்கி, ஒழுங்காகப் போய்வந்தால் குடிமக்களுக்கு மருத்துவச் செலவு சொற்பம். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏதாவது வந்து ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் போக்குவரத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கையைக் கடிப்பது மூடிக் கிடக்கும் கடை.

ஒரு தையல் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நூல், லைனிங், கரண்ட் எல்லாம் போக மாதம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) நிற்கிறது. கடை வாடகை 600. வீட்டுச் செலவில் அவர் பங்கு 1,500. மாதம் 300 மிஞ்சும். குழந்தை பிறந்து மூன்று மாதம் கடை மூடினால் வாடகையும் வீட்டுப் பங்கும் சேர்ந்து 6,300. நான்காவது மாதம் திறந்த அன்றே வாடிக்கையாளர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட மாட்டார்கள். பாதி வருமானம் என்று வைத்தால் அங்கே 900 துண்டு விழும். ஸ்கேன், பத்தியச் சாப்பாடு, மருந்தெண்ணெய், குளிப்பாட்ட வரும் பாட்டிக்குக் கொடுப்பது, குழந்தைக்கு வேண்டியவை என்று சிக்கனமாக 2,500. மொத்தம் 9,700.

மாதம் 300 வீதம் ஒரு வருடம் சேர்த்தால் 3,600தான். மீதி 6,100-க்கு எங்கே போவது? தையல்காரருக்கு அது தீபாவளியில்தான் இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதத்தில் பிளவுஸும் பாவாடையும் குவியும்போது வருகிற உபரிதான் அவருடைய பேறுகாலப் படி. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: குழந்தைக்குத் திட்டமிடும்போது உங்கள் தொழில் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்டோபரில் பிரசவம் என்றால் ஒரு மாத வருமானம் மட்டும் போகாது, வருடத்தின் உபரியே போய்விடும். அலங்காரம் செய்பவர்களுக்கு தை, ஆவணி முகூர்த்தங்கள். பள்ளிச் சீருடை தைப்பவருக்குப் புதிய பள்ளி ஆண்டு. பிள்ளை நாம் சொன்ன மாதத்தில் பிறக்குமா என்று சிரிப்பீர்கள். பிறக்காதுதான். ஆனால் சீசனில் விழுந்தால் எவ்வளவு குறையும் என்றாவது முன்கூட்டியே தெரிந்திருக்கும். சென்ற தீபாவளிப் பணம் புது சோபாவாக மாறாமல் இருக்கும்.

அடுத்தது 555 புத்தகம், அதாவது கடன் பாக்கி எழுதும் சின்ன நோட்டு. ஒரு தையல்கார அக்கா கணக்கெழுத என்னிடம் கொண்டு வந்த புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பாக்கி: "கோயில் பக்கம் அக்கா – பிளவுஸ் 2 – 30", "டீச்சர் – லைனிங் – 18", "மாமி மகள் – லெஹெங்கா – 120". கூட்டிப் பார்த்தால் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. கடை திறந்திருக்கும்போதே தராதவர்கள் மூடிய பிறகு தேடி வந்து தருவார்களா? ஏழாம் மாதத்துக்குள் அந்தப் புத்தகத்தை வசூலித்து முடியுங்கள். அதே ஏழாம் மாதத்தில் ஹால் எடுத்து, கேட்டரிங் வைத்து வளைகாப்பு நடத்துவதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சொன்னால் மாமியார்கள் என் கடைக்கு வரமாட்டார்கள்.

கூட்டுப் பணத்தை (பலர் சேர்ந்து மாதத் தவணை கட்டி, ஆளுக்கொரு முறை மொத்தமாக எடுக்கும் சீட்டு) பிரசவத்துக்கு நம்புவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஏற்பாடு. முதலிலேயே எடுத்துவிட்டால், கடை மூடிய மாதங்களிலும் தவணை கட்டியாக வேண்டும். கடைசியில் எடுக்கலாம் என்று காத்திருந்தால், நடத்துபவர் ஓடிவிடும் ஆபத்து. கூட்டு நடத்துவதையே 1971 முதல் சட்டம் தடை செய்திருப்பதால் பணத்தை மீட்பது பெரும்பாடு. அதற்கு நகையை அடகு வைப்பது மேல். லைசென்ஸ் உள்ள அடகுக் கடையில் வட்டி மாதம் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 3,000 வெள்ளிக்கு மாதம் 60. மீட்கும் தேதியைச் சுவர்க் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்கள் விரும்பிப் பணம் போடும் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) ஐ-சரான் நல்ல திட்டம். 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 சதவீதம், வருடத்துக்கு 500 வெள்ளி வரை அரசாங்கம் சேர்க்கிறது. ஆனால் அதைப் பிரசவச் சேமிப்பாக நினைக்க வேண்டாம். போடும் பணத்தில் 10 சதவீதம்தான் நினைத்தபோது எடுக்கக்கூடிய ஃப்லெக்ஸிபல் கணக்குக்குப் போகும். 2,500 போட்டால் உடனே எடுக்க முடிவது 250தான். குழந்தைப் பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கட்டும். கடையின் கியூஆர் பணம் வந்து விழும் கணக்கு வேண்டவே வேண்டாம்; அங்கே போட்டால் லைனிங் துணியாகிவிடும்.

வரி பக்கம் சுருக்கமாக. பாரம் பி (சொந்தத் தொழில் வருமானத்துக்கான வரிப் படிவம்) செய்பவர்கள் குழந்தைக்கு 2,000 வெள்ளி கழிவு கேட்கலாம். இரண்டு வயதுக்குள் பிள்ளை உள்ள தாய், பால் எடுக்கும் கருவி போன்ற தாய்ப்பால் சாதனங்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 1,000 வரை கேட்கலாம், ரசீது வேண்டும். சிபி 500 (வரியை முன்கூட்டியே தவணையில் கட்டச் சொல்லும் கடிதம்) வருபவர்கள், வருமானம் குறையும் வருடத்தில் சிபி 502 படிவம் கொடுத்துத் தவணையைக் குறைக்கச் சொல்லலாம். இது தெரியாமல் பிள்ளை பெற்ற வருடத்திலும் பழைய தவணையையே கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சரி, திட்டமெல்லாம் போடாமலே இப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது என்றால்? கடையை வாடகைக்கு விட்டவரிடம் இப்போதே பேசுங்கள். மூன்று மாதம் பாதி வாடகை, பிறகு பிரித்துக் கட்டுவது என்று முன்பே கேட்டால் ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மாதம் பாக்கி வைத்த பிறகு கேட்டால் கதை வேறு. புது ஆர்டரை எட்டாம் மாதத்தோடு நிறுத்திவிட்டு, வருகிறவர்களை நம்பகமான இன்னொரு தையல்காரரிடம் அனுப்பி, உருப்படிக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் திரும்பி வராவிட்டாலும் அந்த மாதங்களுக்கு ஏதோ கைக்கு வரும். குழந்தை பிறந்ததும் 60 நாளுக்குள் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) பதிவு. அதற்குக் கணவரை அனுப்புங்கள்.