பெரு, பொலிவியா டூர் பேப்பர்ல நான் முதல்ல தேடறது ஒரே ஒரு நம்பர்

பெரு, பொலிவியா, சிலியோட அட்டகாமா பாலைவனம் பக்கம் போறதுக்கு முன்னாடி கிளினிக்குக்கு வர்றவங்ககிட்ட பிபி, சுகர் எல்லாம் அப்புறம்தான் பாப்பேன். முதல்ல டூர் பேப்பரக் குடுங்கன்னு வாங்கி, ஒவ்வொரு ராத்திரியும் எந்த ஊர்ல தூங்கறாங்களோ அந்த ஊருக்குப் பக்கத்துல அது கடல்மட்டத்துலேர்ந்து எத்தனை மீட்டர் உயரம்னு பேனாவால எழுதுவேன். ஹோட்டல் எத்தனை ஸ்டார், காலைல டிபன் உண்டா, வெஜிடேரியன் கிடைக்குமா எல்லாம் அதுல அச்சடிச்சிருக்கும், இந்த நம்பர் மட்டும் இருக்கவே இருக்காது. திடீர்னு உயரத்துக்குப் போனா வர்ற மலை நோய்க்கு இதுதான் முக்கியம்.

வர்றதுல பாதிப் பேர் ரிட்டையர் ஆனவங்க. பையனோ பொண்ணோ அமெரிக்காவுல இருப்பாங்க, அங்க போயிருக்கற சமயத்துலயே பெருவுல மலை மேல இருக்கற பழைய நகரம் மச்சு பிச்சுவையும் பாத்துட்டு வந்துடலாம்னு டிக்கெட் போட்டிருப்பாங்க. "ஊட்டி, கொடைக்கானல்லாம் எத்தனையோ தடவ போயிருக்கோம் டாக்டர், ஒண்ணும் ஆனதில்ல"ம்பாங்க. நம்ம ஊர்லயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். மச்சு பிச்சு அதையும் விடக் கம்மி, 2,430. சிக்கல் மச்சு பிச்சுல இல்ல, அதுக்குப் போற வழியில இருக்கற குஸ்கோல இருக்கு. அது 3,400 மீட்டர். கடல் ஓரத்துல இருக்கற லிமாவுல விமானத்துல ஏறி உக்காந்தா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள அங்க இறக்கி விட்டுடுவாங்க, உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாது. காத்துல ஆக்ஸிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனா காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல மூணுல ரெண்டு பங்கா குறைஞ்சிடறதால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போறது அந்த அளவுக்குக் கம்மி.

அன்னிக்கு மத்தியானமே சிட்டி டூர், சாயங்காலம் சக்சய்வாமன் கோட்டைன்னு போட்டிருப்பாங்க. ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி அங்க ஆண்ட இன்காக்கள் காலத்துக் கல் சுவர் அது, பல கல்லு ஆள் உயரத்துக்கு மேல, நடுவுல சாந்தே இல்லாம கத்தி நுழையாத அளவுக்குப் பொருத்தி வச்சிருப்பாங்க, பாத்தே ஆகணும், மறுக்கல, ஆனா அது ஊருக்கு மேல 3,700 மீட்டர்ல இருக்கு. இறங்கின நாளே அங்க படி ஏறினா ராத்திரி தலைவலி, குமட்டல், தூக்கமில்லாம புரள்றது. அங்க இதுக்கு சொரோச்சேன்னு பேரு. 1590ல வந்த புத்தகத்துலயே ஹொசே டி அகோஸ்டாங்கற பாதிரியார், பெருவுல பாரியகாகா மலையைத் தாண்டும்போது குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்தத எழுதி, அங்க காத்து ரொம்ப மெலிசா இருக்கறதுதான் காரணம்னும் சொல்லி வச்சிருக்கார். நானூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, டூர் பேப்பர் போடறவங்களுக்கு இன்னும் அது போய்ச் சேரல.

நான் சொல்ற மாத்தம் ரொம்ப சின்னது, காசும் அதிகம் ஆகாது. குஸ்கோ ஏர்போர்ட்ல இறங்கினதும் ஊருக்குள்ள தங்காம வண்டி பிடிச்சு நேரா உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கிடுங்க. உருபம்பா, ஒல்லன்டைடம்போ எல்லாம் 2,800 சொச்சம்தான். அங்க ஒண்ணு ரெண்டு ராத்திரி, அப்புறம் ரயில்ல அகுவாஸ் காலியன்டெஸ், அது இன்னும் கீழ, சுமார் 2,000, அங்கிருந்து மச்சு பிச்சு பாத்துட்டு கடைசியா குஸ்கோ வந்து தங்குங்க. அதே இடங்கள், அதே நாள் கணக்கு, வரிசை மட்டும்தான் வேற. 5,000 மீட்டருக்கு மேல இருக்கற அந்த ரெயின்போ மலைய குஸ்கோல ரெண்டு மூணு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி தொடவே வேண்டாம், இன்ஸ்டாகிராம் எங்கயும் ஓடிப் போகாது.

கணக்கு இவ்வளவுதான்: 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா, தூங்கற உயரத்த ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒருக்கா ஏத்தாம ஒரு நாள் அங்கயே இருக்கணும். பகல்ல கொஞ்சம் மேல போயிட்டு கீழ வந்து தூங்கறது பரவாயில்ல.

பொலிவியா இதவிட மோசம், ஏன்னா அங்க மலை ஏறின மாதிரியே இருக்காது. லா பாஸ் ஏர்போர்ட் இருக்கற எல் ஆல்டோ 4,000 மீட்டருக்கு மேல, ஆனா கண்ணுக்கெட்டின வரைக்கும் பொட்டல் சமதரை. அங்கிருந்து ரெண்டு மணி நேரம் தள்ளி தியவனாகு, 3,850 மீட்டர். இன்காக்களுக்கு நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடியே அந்தக் குளிர்ல ஒரு பெரிய நகரம் இருந்திருக்கு. ஒரே கல்லுல செதுக்கின சூரிய வாசல், தரைக்குக் கீழ இறங்கற கோயில், அதோட சுவர் பூரா வரிசையா நீட்டிட்டு இருக்கற கல் தலைகள், பக்கத்துலயே பூமா புங்குன்னு இன்னொரு இடிபாடு, அங்க கிடக்கற ஒரு மணற்கல் பலகை மட்டும் 130 டன்னு கணக்கு சொல்றாங்க. தரை மட்டமா இருக்கறதால எல்லாரும் நம்ம ஊர்க் கோயில் பிரகாரத்துல நடக்கற வேகத்துலயே நடப்பாங்க, அப்புறம் அகபானா மேட்டுல பத்து படி ஏறினதும் நெஞ்ச பிடிச்சுட்டு நிப்பாங்க. லா பாஸ்ல ஹோட்டல் போடறதா இருந்தா சோனா சுர் பக்கம் போடுங்க, ஒரே நகரம்தான் ஆனா எல் ஆல்டோவ விட 800 மீட்டர் மாதிரி கீழ.

எனக்கு ரொம்ப பயம் பொலிவியாவோட உயூனி ஜீப் டூர்தான். உப்புப் பாலைவனம் 3,650 மீட்டர், அங்கிருந்து தெற்கால சிவப்பு ஏரி லகுனா கொலராடா சுமார் 4,300, பலபேர் ரெண்டாவது ராத்திரி அந்தப் பக்கம்தான் தூங்குவாங்க, மறுநாள் விடியக்காலைல சோல் டி மன்யானா வெந்நீர் ஊத்துகள், கிட்டத்தட்ட 4,900. அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல பாதிக்குக் கொஞ்சம்தான் மேல. இதுல கவனிக்க வேண்டியது டூர் எந்தத் திசையில போகுதுங்கறது. உயூனில ஆரம்பிச்சு சிலியில இருக்கற சான் பெட்ரோ டி அட்டகாமாவுல முடிச்சா கடைசியில 2,400க்கு இறங்கிடுவீங்க, முன்னாடியே பொலிவியாவுல சில ராத்திரி தூங்கிப் பழகியும் இருப்பீங்க. அதையே சான் பெட்ரோல ஆரம்பிச்சா முதல் ராத்திரியே 2,400லேர்ந்து 4,300க்கு ஒரே தாவு. நடுவுல உடம்புக்கு முடியலேன்னா கீழ இறங்கணும், ஆனா அந்த மேட்டுநிலத்துல எந்தப் பக்கம் போனாலும் கீழங்கறதே பல மணி நேரம் தள்ளி. ஆஸ்பத்திரியும் அதே மாதிரி.

தலைவலி வந்தா என்ன பண்றது? லேசா இருந்தா அதே உயரத்துல படுத்து ரெஸ்ட் எடுங்க, பாராசிட்டமால் போடுங்க, குறையற வரைக்கும் மேல போகாதீங்க. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, வறட்டு இருமல் நிக்கல, படுத்தா இன்னும் மோசமாகுதுன்னா நுரையீரல்ல நீர் கோக்குதுன்னு அர்த்தம், இது பெரும்பாலும் ரெண்டாவது ராத்திரியோ அதுக்கு அப்புறமோதான் வரும். உயரத்தால மூளையும் வீங்கலாம், அத கண்டுபிடிக்க மெஷின் எதுவும் வேண்டாம், தரையில ஒரு நேர்க்கோடு பாத்து ஒரு கால் குதிகால இன்னொரு கால் விரலோட ஒட்டி வச்சு பத்தடி நடக்கச் சொல்லுங்க. தள்ளாடினா, பேச்சு உளறினா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வண்டிய எடுக்கச் சொல்லி கீழ இறக்குங்க. காலைல பாத்துக்கலாம்னு சொல்ற டிரைவர் பேச்ச மட்டும் கேக்காதீங்க. அங்க விக்கற சின்ன ஆக்ஸிஜன் கேன் சில நிமிஷம்தான் வரும், கீழ இறங்கறதுக்கு அது மாத்து கிடையாது.

கோவிட்டுக்கு அப்புறம் எல்லார் பையிலயும் ரத்தத்துல ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற ஒரு ஆக்ஸிமீட்டர் இருக்கு. குஸ்கோல இருந்து அது 87 காட்டுதுன்னு அழுதுட்டே போன் பண்ணுவாங்க. அந்த உயரத்துல அது பலபேருக்கு சாதாரணம்தான், விரல் சில்லுன்னு இருந்தா இன்னும் கம்மியாவும் காட்டும். நம்பர விட ஆள் எப்படி இருக்காருன்னு பாருங்க, கூட வந்த மத்தவங்களுக்கு 88 இருக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் 72ன்னா அப்ப கவலைப்படணும்.

மலை நோயத் தடுக்கற அசிட்டசோலமைட் மாத்திரை பத்தி எல்லாரும் கேக்கறாங்க. பொதுவா குடுக்கறது 125 மி.கி. ரெண்டு வேளை, அதாவது நம்ம கடையில கிடைக்கற 250ல பாதி, ஏறறதுக்கு முந்தின நாளே ஆரம்பிக்கணும். விரல் நுனி மரத்துப் போகும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், சோடா குடிச்சா தகரம் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனா சல்ஃபா அலர்ஜி, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க, பிபிக்கு நீர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட கேக்காம தொடாதீங்க. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அந்த உயரத்துல தூங்கும்போது மூச்சு தானா விட்டு விட்டுத்தான் வரும், அத இன்னும் அமுக்கிடும்.

இன்சுலின் போடறவங்களுக்கு ஒரு விஷயம். நம்ம ஊர்ல இன்சுலினுக்கு வெயில்தான் எதிரி, உயூனில ஜூன் ஜூலை ராத்திரி மைனஸ் பத்துக்கும் கீழ போகும். ஜீப்போட மேல கட்டின பையில இன்சுலின் பேனா இருந்தா உறைஞ்சிடும், ஒரு தடவ உறைஞ்சா உருகினப்புறம் பாக்க நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யாது. சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி வச்சுக்கோங்க, தூங்கும்போது போர்வைக்குள்ள. அதே குளிருக்காக ஜன்னல் கதவ எல்லாம் சாத்திட்டு ரூமுக்குள்ள கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கறதும் வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது. பகல்ல உப்பு மேல வெயில் கீழேர்ந்தும் அடிக்கும், கூலிங் கிளாஸ் இல்லாம ஒரு நாள் நின்னா ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி எரியும்.

கோகெயின் எடுக்கற அதே கோகா இலைல போடற கோகா டீ எல்லா ஹோட்டல்லயும் வாசல்லயே வச்சிருப்பாங்க. குடிங்க, சூடா இருக்கும், ஆனா அது மலை நோயத் தடுக்கும்னு நம்பி மாத்திரைய விட்டுடாதீங்க. வேலைக்கு டிரக் டெஸ்ட் இருக்கறவங்க அந்த டீயே குடிக்க வேண்டாம், ஒரு கப் குடிச்சாலும் யூரின்ல காட்டும். நல்லா இருக்கேன்னு டீ பேக் வாங்கிட்டும் வந்துடாதீங்க, 1985 போதைப்பொருள் சட்டப்படி இங்க கோகா இலை தடை செஞ்ச பொருள். அதே மாதிரி பெரு, பொலிவியாவுல இருந்து இந்தியா திரும்பறவங்ககிட்ட மஞ்சள் காய்ச்சல் ஊசி கார்டு கேப்பாங்க, ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் அது செல்லும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயும் ராஜாஜி சாலை துறைமுக சுகாதார ஆபீஸ்லயும் போடுவாங்க, கடைசி வாரத்துல ஓடாதீங்க. அறுபது வயசு தாண்டினவங்களுக்கு அந்த ஊசியே போடலாமா வேண்டாமான்னு தனியா யோசிக்கணும், அதுக்கும் டைம் வேணும்.

இதய அடைப்பு, நுரையீரல் நோய், சிக்கிள் செல்ங்கற ரத்த நோய் இருக்கறவங்ககிட்ட நான் மேல போகாதீங்கன்னு நேராவே சொல்லிடுவேன், முகம் வாடிடும், ஆனா ஆண்டீஸ் மலைத்தொடர் பக்கத்துப் பழங்காலச் சின்னங்கள் பூரா உச்சிலதான் இருக்குன்னு யார் சொன்னது? லிமாவுக்கு வடக்க காரல்னு பழைய நகரம் இருக்கு, சுமார் 5,000 வருஷம் பழசு, 350 மீட்டர்தான். சிலியில அரிக்கா கடல் ஓரத்துல சின்சோரோ மம்மிகள், எகிப்து மம்மிகளுக்கும் மூத்தது. 6,700 மீட்டர்ல லுயையாகோ எரிமலை உச்சிலேர்ந்து 1999ல எடுத்த மூணு இன்காக் குழந்தைகளோட உடல் அர்ஜென்டினாவுல சால்டா மியூசியத்துல இருக்கு, ஊர் 1,200 மீட்டர்கூட கிடையாது, ஒரு நேரத்துல ஒரு குழந்தையத்தான் வெளிய வைப்பாங்க. தரையில கீறின பெரிய பெரிய உருவங்கள், பெருவோட நாஸ்கா கோடுகள், 500 சொச்சம் மீட்டர் பாலைவனத்துல. அத பாக்கற சின்ன விமானம் ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பாக்கட்டும்னு இப்படியும் அப்படியும் சாஞ்சுகிட்டே போகும், அங்க வாந்தி வந்தா அது உயரத்தால இல்ல, காலைல வயிறு முட்டச் சாப்பிட்டதால.