ஷரத்து

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீர் பற்றிப் பேச்செடுத்தால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தவறாமல் காதில் விழும் சொல் இது: "ஒப்பந்த ஷரத்துப்படி கேரளத்துக்கு விட்டுத்தான் ஆகணும்."

மூலம் அரபுச் சொல்லான ஷர்த், பொருள் நிபந்தனை. வசூல், ஜாமீன், ரத்து போல இதுவும் பாரசீகம், உருது வழியே நிர்வாகச் சொல்லாகத் தமிழுக்கு வந்தது. நடுவில் அகரமும் கடைசியில் உகரமும் சேர்ந்து ஷரத்து ஆயிற்று. இந்தியில் பந்தயம் என்ற பொருளும் உண்டு. அது இங்கே வரவில்லை. பருவத்தைக் குறிக்கும் 'சரத்' வேறு சொல்.

தமிழில் இதற்கு இன்னொரு பொருள் கூடிவிட்டது: ஆவணத்தில் எண்ணிட்டு எழுதிய பகுதி. குழப்பமெல்லாம் இதனால்தான். தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தையே பாருங்கள். 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லுபடியானது. மணக்கடவு அணைக்கட்டில் ஜூலை முதல் ஜூன் வரையான ஓராண்டில் 7.25 டிஎம்சி, அதாவது 725 கோடி கன அடி, கேரளத்துக்குத் தர வேண்டும் என்பது நிபந்தனை. தராவிட்டால் மீறல். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு என்பதோ நடைமுறையைச் சொல்லும் பகுதி. முதல் மறு ஆய்வுக்கான கெடு 1988 நவம்பரிலேயே வந்தது. இரண்டையும் 'ஷரத்து' என்றே எழுதுவதால், மறு ஆய்வு நடக்காவிட்டால் ஒப்பந்தமே காலாவதி என்று சிலர் வாதிடுகிறார்கள். மறு ஆய்வு வேறு, காலாவதி வேறு. ஆனைமலைக்கு இருபுறமும் உழவர்கள் அந்த வாதத்தை நம்பிக் கோபப்படுவது வருத்தம் தருகிறது.

எனவே எண்ணிட்ட பகுதிக்குக் 'கூறு' என்றும், கட்டாயப்படுத்தும் விதிக்கு 'நிபந்தனை' அல்லது 'கட்டுப்பாடு' என்றும் பிரித்து எழுதுவதே சரி. நிபந்தனை வடசொல்தான், ஆனால் எல்லோருக்கும் புரியும். சட்டத்துக்குப் 'பிரிவு', அரசமைப்புக்கு 'உறுப்பு' என்பவை தனி. ஒப்பந்தத்துக்கு அவற்றைப் போட வேண்டாம். கிரயப் பத்திரத்தில் 'மேற்படி ஷரத்துகளுக்குக் கட்டுப்பட்டு' என்று வந்தால் அங்கே நிபந்தனைதான்.

1956-ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுகள் சட்டம், ஒப்பந்த வாசகத்துக்குப் பொருள் காண்பதில் எழும் பிணக்கையும் 'நீர்த் தகராறு' என்றே கொள்கிறது. அது நடுவர் மன்றம் வரை போகக்கூடியது.