செக் எஞ்சின் லைற்: பழுதுகாட்டி விளக்கு

போன மாதம் கோண்டாவில் வீட்டு முற்றத்தில் வைத்துக் காரின் எயார் பில்டரை நானே மாற்றினேன். பிறகு எஞ்சினை இயக்கினால், டாஷ்போட்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிகிறது. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார்: "செக் எஞ்சின் லைற் பத்துது தம்பி. பற்றரி வயரை ஒருக்கால் கழற்றிப் பூட்டுங்கோ, நூர்ந்திடும்."

ஐந்து ஆங்கிலச் சொற்கள். அவற்றோடு 'நூர்தல்' என்ற அருமையான யாழ்ப்பாணச் சொல்லும். விளக்கு தானாக அணைந்தால் நூர்ந்தது. நாமாக அணைத்தால் நூர்த்தது. இந்த வேறுபாடு இங்கே முக்கியம், பிறகு வருகிறேன்.

'செக்' சதுரங்கத்திலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். அரசனுக்கு ஆபத்து என்று ஆட்டக்காரர் எச்சரிக்கும் குரலே பிரெஞ்சு வழியாக 'செக்' ஆகி, பின்னாளில் சோதித்துப் பார்ப்பதையும் குறித்தது.

'எஞ்சின்' கதை இன்னும் சுவையானது. இலத்தீனில் 'இன்ஜெனியம்' என்றால் பிறவித் திறமை. அது பழைய பிரெஞ்சில் தந்திரம், போர்க்கருவி என்று விரிந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் எஞ்சினுக்குக் கண்ணி என்ற பொருளும் இருந்தது. நம்முடைய 'பொறி'யும் இதே பாதையில்தான் நடந்திருக்கிறது. மதுரை மதிலின் காவலைச் சொல்லும் சிலப்பதிகாரம், தானே வளைந்து அம்பெய்யும் வில்லைப் பொறி என்கிறது. வீட்டில் எலிப்பொறி வைக்கிறோம். பொறியியலாளர், பொறியியல் பீடம் எல்லாம் அதே வேர்தான். இரண்டு மொழிகள் ஒன்றையொன்று பாராமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் வைத்து 'பொறி சோதி விளக்கு' என்றால் கெட்டது. பொறி தீப்பொறியாகவும், சோதி ஒளியாகவும் படும். மூன்று சொல்லும் வெளிச்சத்தையே சொல்லி, பழுதைச் சொல்லாமல் விடும். நான் 'பழுதுகாட்டி விளக்கு' என்பேன். திசைகாட்டி, வழிகாட்டி போல அமைந்த சொல். 'கார் பழுதாப் போச்சு' என்று பேசும் ஊருக்கு இது அந்நியமாகவும் இராது.

பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களுக்கு இந்த விளக்கு இல்லை. அவற்றில் கணினி கிடையாது. இன்றைய ஜப்பான் கார்களில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பழுதைக் கண்டால் அதற்குரிய குறியீட்டைப் பதிந்து விளக்கை எரிக்கும். புகை மாசைக் கட்டுப்படுத்துவதற்காக அமெரிக்காவில் 1996 முதல் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது. ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனைச் சொருகியில், குறியீட்டை வாசிக்கும் ஸ்கானரைப் பூட்டினால் குறியீடு தெரியும்.

தெரிந்த ஒருவரிடம் ஸ்கானர் வாங்கிப் பார்த்தேன். பி0102. உள்ளே போகும் காற்றை அளக்கும் உணரியிலிருந்து சைகை குறைவு. பில்டர் பெட்டியை மூடும் அவசரத்தில் அந்த உணரியின் வயரை நான் பூட்டவேயில்லை. பற்றரியைக் கழற்றியிருந்தால் குறியீடு அழிந்து விளக்கு நூர்ந்திருக்கும். கணினி கற்று வைத்த சில அளவுகளும் சேர்ந்து அழிந்திருக்கும். உணரி மட்டும் அப்படியே கிடக்க, கொஞ்ச நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்திருக்கும்.

'கிளியர் பண்ணுதல்' என்பதற்குக் குறியீட்டை அழித்தல் என்பதே சரியான தமிழ். அது நூர்த்தல். பழுதைத் திருத்திய பிறகு ஸ்கானரால் அழிப்பதில் தவறில்லை. அழிக்காவிட்டாலும், பழுது திரும்பாமல் தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் (எஞ்சினை இயக்கி, ஓடி, நிறுத்துவது ஓர் ஓட்டம்) முடிந்தால் கணினி தானே விளக்கை அணைக்கும். அது நூர்தல். ஆனால் விளக்கு பத்திப் பத்தி நூர்ந்தால் காரை ஓட்டாதீர்கள். எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியவில்லை, புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி சூடேறிக் கெட்டுவிடும்.

வயரைப் பூட்டிவிட்டு நான் எதையும் அழிக்கவில்லை. மூன்றாம் நாள் மருதனார்மடம் சந்தைக்குப் போய் வரும்போது விளக்கு நூர்ந்திருந்தது.