சக்கரம் ஆடுகிறதா? இறுக்கும் முன் திறந்து பாருங்கள்

சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களில் பலர் கிளம்பும் நேரத்தில்தான் சொல்வார்கள்: "அண்ணே, பின் வீல் லேசா ஆடுது, ஒரு இறுக்கு இறுக்கிக் கொடுத்துடுங்க." இரண்டு நிமிஷ வேலைதான், ஆட்டமும் அப்போதைக்கு நின்றுவிடும். ஆனால் ஆட்டம் எதனால் வந்தது என்று பார்க்காமல் இறுக்கிக்கொண்டே போனால், உள்ளே இருக்கும் கோனும் குண்டும் மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பையே கழற்றி எறியும் வேலையாக முடியும்.

ஹப்புக்குள் இருப்பது மிகச் சில சாமான்கள். நடுவில் ஆக்சில் என்கிற அச்சுத் தண்டு, அதன் இரு பக்கமும் திருகிய கூம்பு மாதிரி கோன், ஹப்பின் இரு முனையிலும் கிண்ணம் மாதிரி கப். கோனுக்கும் கப்புக்கும் நடுவே கிரீஸில் ஊறிய குண்டுகள். சாதாரண சைக்கிளில் பெரும்பாலும் முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 சிறு குண்டு (3/16 அங்குலம்), பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 பெரிய குண்டு (1/4 அங்குலம்).

இதில் முதலில் தேய்வது கோன்தான். சக்கரத்தோடு கப் சுற்றுவதால் பாரம் அதன் வட்டம் முழுக்கப் பரவும். கோன் சுற்றாது. ஓட்டுபவரின் எடை, கேரியர் மூட்டை, பள்ளத்தில் விழும் அடி எல்லாம் கோனின் அடிப்பக்கத்தில் ஒரே இடத்தில்தான் வந்து இறங்கும். கழற்றிய கோனைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முக்கால் வட்டம் பளபளவென்று இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் பால்பாயிண்ட் பேனா முனையை அந்தப் பாதையில் ஓட்டுங்கள். குழி இருந்தால் முனை தடுக்கும். குண்டு ஓடிய பளபளப்பான கோடு மட்டும் இருந்தால் பயமில்லை, அது ஓட்டத்தின் அடையாளம்.

குழியில் இருந்து பெயர்ந்த இரும்புத் தூள் கிரீஸோடு கலந்து அடுத்துக் கப்பை அரிக்கும். இறுக்கினால் கெடுதல் என்று நான் சொல்வது இதனால்தான். இறுக்கம் கூடினால் தூளும் கூடும். பாதிக்கப்படாத கப்பும் சேர்ந்து கெடும்.

ஆட்டத்தைக் கண்டுபிடிக்கக் கடைக்கு வர வேண்டியதில்லை. பிரேக் கட்டை பக்கத்தில் ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். டக் டக் என்று தட்டினால் ஹப்பில் ஆட்டம். அசைக்கும்போது ஒன்றும் இல்லை, சுற்றும்போதுதான் ரிம் வளைந்து வளைந்து ஓடுகிறது என்றால் அது பெண்டு, கம்பி (ஸ்போக்) இழுத்துச் சரி செய்கிற வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஹப் ஆட்டத்துக்குப் பெண்டு எடுக்கச் சொல்கிறவர்கள் நிறைய. அடுத்து, சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றிவிட்டு, இன்னொரு கையை ஃபிரேமில் வையுங்கள். கரகரப்பு கைக்கு வந்து தெரியும்.

கோன் போய்விட்டால் கோனோடு குண்டையும் மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள். பழைய குண்டு நாலு, புதுக் குண்டு அஞ்சு என்று கலந்து போடுவதைப் பார்க்கிறேன். தேயாத குண்டு மயிரிழை பெரிதாக இருக்கும், பாரம் முழுக்க அதன் மேல் ஏறும். கோனில் மட்டமான சரக்கும் வருகிறது. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் அரத்தை லேசாக இழுத்துப் பார்ப்பேன். நல்ல பதம் போட்ட கோனில் அரம் வழுக்கும். அரம் கடித்தால் அந்தக் கோன் வேண்டாம்.

கப்பிலும் குழி விழுந்திருந்தால் யோசிக்க வேண்டும். பழைய இரும்பு ஹப்புகளுக்குக் கப் தனியாகக் கிடைக்கிறது. தட்டி எடுத்துப் புதிதை அடித்து ஏற்றலாம். அது ஹப்பில் கெட்டியாக உட்கார்ந்தால் சரி, லொடலொடவென்று இருந்தால் அந்த ஹப் முடிந்தது. அலாய் ஹப் பலவற்றுக்குக் கப் தனியாகக் கிடைப்பதில்லை.

ஹப் மாற்றுவது என்றால் கம்பிகளை எல்லாம் கழற்றி மறுபடி கோக்க வேண்டும். துளைக் கணக்கு ரிம்மோடு பொருந்த வேண்டும். பெரிய 28 அங்குல சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னே 32, பின்னே 40. கேரேஜில் கிடக்கும் 36 துளை ஹப் அதற்கு ஆகாது. ஹப்பின் காது, அதாவது கம்பி கோக்கும் ஓர வளையம், விட்டம் மாறினாலும் கம்பி நீளம் மாறும். ரிம்மும் துருப்பிடித்து, கம்பியும் ரெண்டு மூணு அறுந்திருந்தால் நான் ஹப்பைத் தொடுவதில்லை. முழுச் சக்கரமே வாங்கச் சொல்லிவிடுவேன், கூலியோடு கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதுதான் மிச்சம்.

கியர் சைக்கிளில் இன்னொரு தொல்லை. திருகு ஃப்ரீவீல் (ஹப்பின் மேல் திருகி ஏற்றும் பற்சக்கரத் தொகுதி) வைத்த ஹப்பில் வலது பக்கக் குண்டு, பற்சக்கரங்களுக்கு உள்ளே தள்ளி இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரைக்கும் ஆக்சிலுக்குத் தாங்கல் இல்லை. பின்னால் ஆளை ஏற்றி ஓட்டினால் அந்த இடத்தில்தான் வளையும், சில சமயம் உடையும். கோனை எவ்வளவு சரி செய்தாலும் சுற்றும்போது ஒரு இடத்தில் இறுகி, ஒரு இடத்தில் தளர்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது என்று பொருள். ஆக்சிலைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் தெரிந்துவிடும். தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

கோனும் தனிக் குண்டும் இல்லாமல் மூடிய பேரிங் வைத்த சீல் பேரிங் ஹப் என்றால் பேரிங் மேலேயே 6001 மாதிரி எண் இருக்கும். அதைக் காட்டினால் மோட்டார் பேரிங் விற்கும் கடையிலும் கிடைக்கும். ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், உள் வளையத்தில் அடித்தால் புதுப் பேரிங்கே கெட்டது.

கோனும் கப்பும் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். பைக் வாட்டர் சர்வீஸ் குழாயை ஹப்புக்கு நேராகப் பிடித்தால் கிரீஸ் பால் நிறமாகி, அப்புறம் துருவாகும். தேங்காய் எண்ணெய் விடுவதும் வேண்டாம், இருக்கிற கிரீஸையும் இளக்கிவிடும். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா சைக்கிள் தினமும் பள்ளிக்குப் போய் வரும்போது மழையில் நனைகிறது. அதை மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை ஓவராயில், அதாவது பிரித்துத் துடைத்துப் புது கிரீஸ் போடும் வேலை, பண்ணச் சொல்லுங்கள்.

புதுக் கோன் போட்ட சக்கரம் ஒரு வாரம் ஓடியதும் கொஞ்சம் தளரும். அப்போது இறுக்கிக்கொள்ளலாம். கோன் நகராமல் பிடிக்கும் லாக் நட்டை இறுக்கியபின் ஆட்டமும் இருக்கக்கூடாது, சக்கரம் தயங்கவும் கூடாது. சக்கரத்தை ஃபிரேமில் பிடிக்க நட்டு இல்லாமல் கொக்கி போட்டு மூடும் வகை (குயிக் ரிலீஸ்) என்றால் மூடும் முன் மயிரிழை ஆட்டம் விடுங்கள். கொக்கியை மூடும்போது ஆக்சில் அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும்.