சயாட்டிக்கா: வலி காலில், சிக்கல் முதுகில்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கால் மரத்துப்போகிறது என்று கிளினிக்குக்குப் போனால் டாக்டர் 'சயாட்டிக்கா' என்பார். மிஸ்ஸி (நர்ஸ்) அதையே மலாயில் 'சராஃப் தெர்செபிட்' என்று விளக்குவார். வீடு வந்து சேர்வதற்குள் அது 'நரம்புத் தளர்ச்சி' ஆகிவிடும். இந்த மூன்றில் கடைசிதான் தப்பு. இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் நரம்பு தளரவில்லை, நசுங்கியிருக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். இடுப்பு மூட்டைக் குறித்த 'இஸ்கியோன்' லத்தீனுக்குப் போய் முன்னெழுத்துத் தேய்ந்து சியாட்டிக்கா ஆனது. ஆங்கில உச்சரிப்பில் சயாட்டிக்கா. மூட்டு வலியையும் நரம்பு வலியையும் ஒன்றாகக் கருதிய காலத்துப் பெயர் இது. இத்தாலிய மருத்துவர் தொமேனிக்கோ கொத்துன்யோ 1764-இல்தான் இரண்டையும் பிரித்து எழுதினார். 1934-இல் மிக்ஸ்டர், பார் என்ற அமெரிக்க மருத்துவர்கள், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் இடைவட்டு (டிஸ்க்) பிதுங்கி, நரம்பு புறப்படும் இடமான நரம்பு வேரை அழுத்துவதைக் காட்டினார்கள். ஆயுர்வேதத்தில் இதற்குக் 'கிருத்ரசி' என்று பெயர். கிருத்ரம் என்றால் கழுகு. நோயாளியின் நடை கழுகு நடை போலிருக்குமாம்.

இடுப்பில் 5 முள்ளெலும்புகள். அடியில் உள்ள இரண்டு இடைவட்டுகள்தாம் அதிகம் பிதுங்குகின்றன. 20 கிலோ செம்பனைக் குலையைக் குனிந்து தூக்கி, அதே வேகத்தில் உடம்பைத் திருப்பி லோரியில் எறிகிறவருக்குப் பாரம் முழுக்க அங்கேதான் இறங்கும். வயதானவர்களுக்கு எலும்பு வளர்ந்தே நரம்பு போகும் வழி குறுகிவிடும். ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் நசுங்கினால் புறங்காலும் பெருவிரலும் மரக்கும், பாதத்தைத் தூக்க முடியாது. ஜப்பான் சிலிப்பர் கழன்று பின்னால் கிடக்கும், ஆள் தெரியாமல் நாலு எட்டு போயிருப்பார். அதற்கு அடுத்த வேர் என்றால் சுண்டுவிரல் பக்கம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'தொடை நரம்பு வலி' சரிவராது. தொடையின் முன்பக்கம் வேறொரு நரம்பு ஓடுகிறது. 'இடுப்பு நரம்பு வலி' பரவாயில்லை, ஆனால் கால் விட்டுப்போகிறது. என் ஓட்டு 'இடுப்புக்கால் நரம்பு வலி'க்கு. காரணத்தைச் சொல்ல 'நரம்பு அழுத்தம்' போதும். 'ஸ்லிப் டிஸ்க்' என்பதை 'ஜவ்வு விலகல்' என்கிறோம். உண்மையில் எதுவும் வழுக்கவோ விலகவோ இல்லை. 'வட்டுப் பிதுக்கம்' என்பதே பொருத்தம். சயாட்டிக்கா என்பது தனி நோயும் அல்ல, அறிகுறிதான். ஆகவே எதனால் வந்தது என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். எந்த விரல் மரக்கிறது என்பதையும் சொல்லுங்கள், எந்த வேர் என்பதை அதை வைத்தே ஓரளவு ஊகித்துவிடுவார்.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகக் குறையும். ஆனால் இரண்டு கால்களும் மரத்தாலோ, உட்காரும் இடம் உணர்வற்றுப் போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உருவிவிட ஆள் தேடாதீர்கள். அன்றைக்கே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.